கை செய்த வேலை மண்டையில் ஏறுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்த, பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கவேண்டும் என்று உடனே சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் வெட்டச் சொன்னாங்க" என்பார்கள் பலர். பட்டைக்குள் பால் குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை, லேசாகச் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. அந்தச் சாய்வுக்குக் குறுக்கே கோடு போனால்தான் நிறைய குழாய்கள் அறுபடும். விடியற்காலையில் வெட்டுவதற்கும் காரணம் உண்டு: வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கும் முன்பு குழாய்களுக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும்.

இந்த வெட்டுமுறைக்கு வழி போட்டவர் ஹென்றி ரிட்லி, 1888 முதல் சிங்கப்பூர் பூங்காவனத்தை நடத்தியவர். அமேசானில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் பாழாகும். ரிட்லி பட்டையை மெல்லிசாகச் சீவினார், மறுபடியும் அதே காயத்தின் ஓரத்தையே சீவினார், எவ்வளவு பால் வந்தது என்று அளந்து எழுதினார். பழைய காயத்தைத் திறந்தால் பால் கூடுகிறது என்று தெரிந்தது அப்படித்தான். ஆக, வெட்டியதும் அவரே, யோசித்ததும் அவரே. அந்த முறை ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது வெட்டு மட்டும் தொழிலாளிக்கு, யோசனை துரைக்கு என்று பிரிந்துபோனது. ஆயுள் முழுக்க மரம் வெட்டியவருக்குக் கைப்பக்குவம் வந்ததே தவிர, காரணம் வரவில்லை. அது அவர் குறை இல்லை.

நம் பள்ளி ஆய்வுக்கூடங்கள் பல இன்னும் தோட்டத்துப் பிரட்டுக்களம் மாதிரியேதான், காலையில் ஆட்களை நிறுத்தி வேலையை மட்டும் சொல்லி அனுப்பும் இடம் மாதிரியேதான், நடக்கின்றன என்பது என் கருத்து. படிவம் 5 வேதியியலில் ரப்பர் பாலை உறைய வைக்கும் பரிசோதனை உண்டு. ஒன்றில் அமிலம் ஊற்று, ஒன்றில் அமோனியா ஊற்று, ஒன்றைச் சும்மா விடு, பார்த்ததை அட்டவணையில் எழுது. கை வேலை செய்கிறது, சரி. ஆனால் நாம் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடிய விஷயங்கள் மிகக் கொஞ்சம், நான்கைந்துக்கு மேல் போகாது. சொட்டு எண்ணுவதும் சிந்தாமல் ஊற்றுவதுமே அந்த இடத்தை நிரப்பிவிட்டால் 'ஏன்' என்று கேட்க இடம் ஏது?

அதனால் கேள்வி முன்னும் பின்னும் வரவேண்டும். ஊற்றுவதற்கு முன்பே, எது உறையும் என்று ஊகித்து எழுதச் சொல்லுங்கள். சும்மா விட்டது உறையாது என்று டவுன் பிள்ளைகள் எழுதுவார்கள். தோட்டத்துப் பிள்ளை சிரிக்கும், மங்கில், அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில், தங்கிய பால் தானாகவே கட்டியாவதைப் பார்த்த பிள்ளை அல்லவா! அப்போது விடாமல் கேட்கவேண்டும்: அந்த மங்கில் யார் அமிலம் ஊற்றியது? ரப்பர் துகள்களைச் சுற்றிப் புரத உறை இருக்கிறது, அதன் எதிர்மின்னூட்டத்தால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தை அழித்தால் துகள்கள் மோதி, உறை கிழிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சும்மா விட்ட பாலில் பாக்டீரியாக்கள் வளர்ந்து அமிலத்தைத் தாங்களே தயாரிக்கின்றன. அமோனியா அந்த அமிலத்தைச் சமன்செய்வதால் பால் பாலாகவே இருக்கிறது. தப்பாக ஊகித்தவனுக்கு இந்த விளக்கம் நன்றாக ஒட்டும், ஏனென்றால் தான் நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி மூளையை உசுப்பிவிடுகிறது. முதலில் பிள்ளைகளைக் கணக்கோடு திணறவிட்டு அப்புறம் பாடம் நடத்தினால் கருத்து ஆழமாகப் புரிகிறது என்று கல்வி ஆய்வாளர் மனு கபூர் சிங்கப்பூர் பள்ளிகளில் காட்டியதும் கிட்டத்தட்ட இதுதான். அதற்காக வாத்தியார் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. வழிகாட்டுதல் இல்லாமல் நீயே கண்டுபிடி என்று விடும் முறை, ஆய்வுகளில் திரும்பத்திரும்பத் தோற்றிருக்கிறது.

பிறகு, திரும்பிப் பார்ப்பது. நடந்ததைப் புத்தகம் பார்க்காமல் சொந்த வார்த்தையில் சொல்லும்போது நினைவு மேலும் இறுகுகிறது. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில் ஒரு கூட்டம் பத்தியை மறுபடி படித்தது, இன்னொரு கூட்டம் ஞாபகத்திலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: அவர்கள் 81 விழுக்காடு, எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: எழுதியவர்கள் 56, படித்தவர்கள் 42.

இங்கேதான் சிக்கலும். இந்த மாதிரிப் பாடத்தின் பலன் அன்றைக்கே கண்ணில் படாது. ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே முயன்று படித்த மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் விரிவுரை கேட்டபோதுதான் நிறையக் கற்றதாக அவர்களுக்கே தோன்றியது. ஆறாம் ஆண்டு பிள்ளைகள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் பொதுத்தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு, "பள்ளியில் விளையாட்டுதான் காட்டுறாங்க" என்று பெற்றோர் சிலர் முணுமுணுப்பது ஏன் என்று இதனால்தான் புரிகிறது.

நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயம்தான், குவளை கழுவுவதற்குள் மணி அடித்துவிடும். அப்படியானால் மறுநாள் காலையில் கேளுங்கள். கொஞ்சம் மறந்திருப்பார்கள், தேடி எடுக்கச் சிரமப்படுவார்கள், அந்தச் சிரமம்தான் வேண்டியது. மூன்றே வரி போதும்: என்ன நினைத்தேன், என்ன நடந்தது, ஏன். அந்த மூன்று வரியில் எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை மட்டும் வேண்டாம். வட்டம் போட ஆரம்பித்தால், அடுத்த முறை பிள்ளை தான் நினைத்ததை எழுதாது, சார் எதிர்பார்ப்பதைத்தான் எழுதும்.