கூட்டுக் கிணறும் அமிகாவின் வேகமும்

ஜெர்மனியில் வசிக்கும் வாசகர் ஒருவர் பழம்பொருள் சந்தையில் கமடோர் அமிகா 1200 கணினி ஒன்றைப் பிடித்திருக்கிறார். 1992இல் வெளிவந்தது. "வேகம் கூட்ட 50 மெகாஹெர்ட்ஸ் ஆக்சிலரேட்டர் கார்டு வாங்கட்டுமா, வெறும் ரேம் கார்டு போதுமா?" என்று கேட்கிறார். ஆக்சிலரேட்டர் என்பது வேகமான வேறு பிராசஸரையே கொண்டுவரும் கார்டு, ரேம் கார்டு நினைவகத்தை மட்டும் கூட்டும். ரேம் கார்டே போதும் என்பேன். அமிகாவில் ஏற்கெனவே இருக்கும் பிராசஸர் மந்தமானதல்ல. பாவம், வரிசையில் நிற்கிறது.

பிராசஸர், நினைவகம், நடுவில் பஸ் என்ற பாதை. இதெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். அமிகாவில் அந்த நினைவகத்துக்குப் பங்காளிகள் உண்டு. படம் வரையவும் ஒலி எழுப்பவும் இருக்கும் தனிச் சிப்புகள், பிராசஸரிடம் கேட்காமலே அதற்குள் கைவிட்டு எடுத்துக்கொள்ளும். எனவேதான் அதற்குச் சிப் ரேம் என்று பெயர்.

கூட்டுக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்களே, அதே ஏற்பாடு. 1987இல் வந்த அமிகா 500இல் இது எத்தனை அழகு தெரியுமா! நினைவகத்தின் கதவு நொடிக்குச் சுமார் 35 லட்சம் தடவை திறக்கும். ஒரு தடவை சிப்புகளுக்கு, அடுத்தது பிராசஸருக்கு. அதிலிருந்த 68000 பிராசஸர் ஒருமுறை நினைவகத்தைத் தொட நான்கு கடிகாரத் துடிப்புகள் எடுத்துக்கொள்ளும். கதவோ இரண்டு துடிப்புக்கு ஒருமுறை திறக்கிறது. ஆகவே ஒன்றுவிட்டு ஒன்று கிடைத்தாலே அதற்குப் போதும். சாதாரணத் திரையில் 16 நிறம் வரை தகராறே இல்லை. 32 நிறம் கேட்டால் சிப்புகளுக்குத் தம் முறை போதாமல் பிராசஸரின் முறையிலும் கைவைக்கும். உயர்துல்லியத் திரையில் 16 நிறம் என்றால், ஒவ்வொரு வரியும் வரையப்படும் நேரத்தில் பிராசஸருக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

அமிகா 1200இல் இருப்பது 14 மெகாஹெர்ட்ஸ் 68இசி020 பிராசஸர். இதற்கு மூன்று துடிப்பு போதும். நொடிக்கு 47 லட்சம் தடவை நினைவகத்தைத் தொட முடியும். சிப் ரேம் அதற்கு விட்டுக்கொடுப்பதோ அதிகபட்சம் 18 லட்சத்துக்குள். ரேம் கார்டு தரும் ஃபாஸ்ட் ரேம் என்பது பிராசஸரின் சொந்த ஆழ்துளைக் கிணறு, பங்காளிகள் எட்டிப்பார்க்க முடியாது. அதைச் செருகியதும், பிராசஸரை மாற்றாமலே வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது.

அமிகா 500இன் அடிப்பக்கப் பொந்தில் செருகிய அரை எம்பி விரிவாக்கத்தைப் பயனர்கள் 'ஸ்லோ ரேம்' என்று கிண்டல் செய்வார்கள். சிப்புகளுக்கு அதில் உரிமை இல்லை. ஆனாலும் பாதை அதே கூட்டுப் பாதை. தனிக் குளம் வெட்டி, பங்காளிகளின் வாய்க்காலிலேயே மடை வைத்தது போல!

இப்போது அந்த 50 மெகாஹெர்ட்ஸ் கார்டு. அதன் 68030 பிராசஸருக்குள் இரண்டு 256 பைட் தற்காலிகச் சேமிப்புகள் மட்டுமே. கார்டில் ரேம் செருகாமல் ஓட்டினால் அதுவும் சிப் ரேம் வாசலில் போய் நிற்கும். ஆயுத பூஜைக்குக் கணினிக்குச் சந்தனம் வைப்பவரைக் கேலி செய்யும் அதே நண்பர்கள், கார்டின் மேல் அச்சிட்ட மெகாஹெர்ட்ஸ் எண்ணைத் தாயத்து போல நம்புவதைப் பார்த்திருக்கிறேன். ராஸ்பெரி பை என்ற இக்காலக் குட்டிக் கணினியை அமிகாவுக்குப் பிராசஸராக அமர்த்தும் பைஸ்டார்ம் கார்டு கூட, கணக்கில் பறக்கும். சிப் ரேமைத் தொடும்போது அந்தப் பழைய முறைக்குத்தான் காத்திருக்கும்.

பழைய கார்டு என்றால் பிராசஸரின் மேல்பரப்பைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'முழு 68030' என்று நம்பி நானே ஒன்று வாங்கினேன். சாய்த்துப் பிடித்தபோதுதான் எழுத்துகளுக்கு அடியில் சுரண்டிய கோடுகள் தெரிந்தன. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தேன். எண்ணே பஞ்சோடு வந்துவிட்டது. உள்ளே இருந்தது எம்எம்யூ எனும் நினைவக மேலாண்மைப் பகுதி இல்லாத இசி வகை.

வாசகருக்கு ஒரு சங்கதி. ரேம் கார்டும் ஆக்சிலரேட்டரும் அடிப்பக்கத்து ஒரே பொந்தில்தான் செருக வேண்டும். இரண்டும் சேர்ந்து இராது. இடப்பக்கத்து பிசிஎம்சிஐஏ துளையில் மெமரி கார்டு போட்டுக் கோப்புகளைக் கொண்டுவரும் எண்ணமிருந்தால் 8 எம்பி ரேம் கார்டு ஆகாது. 68இசி020 எட்டக்கூடிய 16 எம்பி முகவரிப் பரப்பில், அந்த 8இன் பின்பாதி பிசிஎம்சிஐஏக்கு ஒதுக்கிய இடத்தின் மேலேயே உட்காருகிறது. 4 எம்பிக்கு மாற்ற ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு செருகி) உள்ள கார்டாகக் கேட்டு வாங்குங்கள்.