ஜெராக்ஸ் எடுத்த டயட் சார்ட் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்ப்பதில்லை

சென்னையில் பல வீடுகளின் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். காலையில் 2 இட்லி, பதினொரு மணிக்கு மோர், மதியம் ஒரு கப் சாதம், சாயங்காலம் சுண்டல், ராத்திரி 2 சப்பாத்தி. மாமியாருக்குச் சுகர் வந்தபோது எங்கோ கொடுத்த தாள் அது. அதன் ஜெராக்ஸை மருமகள் பின்பற்றுகிறார். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பார்த்து அம்பத்தூரில் இருக்கும் சித்தப்பாவும் பின்பற்றுகிறார். நோய் எதுவும் இல்லாதவர் அப்படிச் சாப்பிட்டால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருப்பதைக் காட்டும் கிரியேட்டினின் 2.4, மருமகளுக்குத் தைராய்டோடு ரத்தசோகை என்றால் மூன்று பேருக்கும் ஒரே தாள் எப்படிப் பொருந்தும்?

சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருப்பவர்களிடம்தான் இந்தப் பொருந்தாமை ஆபத்தாக மாறுகிறது. சுகருக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லும் கீரை, சுண்டல், கொட்டைகள் போன்றவற்றில் பொட்டாசியமும் அதிகம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும்வரை அது உடலுக்கு நல்லதே. வடிகட்டும் திறன் குறைந்து, ரத்தத்தில் பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். இளநீரை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் மெரினாவில் ஒருவர் ஒரு இளநீர் குடித்தால் சுமார் 500 முதல் 700 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளே போகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு அது தாகம் தணிக்கும். சித்தப்பாவுக்கு அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் நிலை வரலாம். பிபி இருக்கிறதே என்று உப்புக்குப் பதிலாக வாங்கும் 'சோடியம் குறைந்த உப்பு' இன்னொரு பொறி. அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. பிபி, இதயக் கோளாறுக்குத் தரும் டெல்மிசார்டான், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அந்த மாத்திரையும் இந்த உப்பும் பழுதான சிறுநீரகமும் ஒன்றாகச் சேரவே கூடாது.

இதற்காகச் சிறுநீரகக் கோளாறு உள்ள எல்லோரையும் காய், பழம், கீரை இல்லாமல் வாழச் சொல்வதும் தவறு. பொட்டாசியம் அளவு சரியாக இருப்பவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. கட்டுப்பாடு தேவைப்படுபவருக்கும் வழி இருக்கிறது: காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொரியலாகத் தாளிக்கலாம். பொட்டாசியத்தில் கணிசமான பகுதி தண்ணீரோடு போய்விடும். நம் சமையலில் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறோம். சாம்பாரிலும் கூட்டிலும் காய் வெந்த தண்ணீர் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால் 'முருங்கைக்காய் சாப்பிடலாமா' என்ற கேள்வியைவிட, அதை எப்படிச் சமைக்கப்போகிறீர்கள் என்பதே டயட்டீஷியன்களான எங்களுக்கு முக்கியம்.

புரதத்திலும் இதே கதைதான். டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிக்குப் பெரும்பாலும் உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் புரதம் என்று வைப்போம். 60 கிலோ எடை உள்ளவருக்கு அதிகபட்சம் 48 கிராம். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு தேவை தலைகீழாக மாறி 1 முதல் 1.2 கிராம் ஆகிவிடும். அதே ஆளுக்கு 60 முதல் 72 கிராம் வேண்டும். பழைய தாளை யாரும் மாற்றித் தராததால் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டே பருப்பையும் முட்டையையும் ஒதுக்கிவைத்து, தசை கரைந்து, எழுந்து நடக்கவே முடியாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். இது முற்றிலும் தவிர்க்கக்கூடிய துன்பம்.

அடுத்தது மாத்திரைப் பட்டை. உணவு ஆலோசனைக்கு வருபவரிடம் அதை வாங்கிப் பார்க்காமல் யாராவது சார்ட் எழுதினால் அங்கேயே சந்தேகப்படலாம். கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவரோ இன்சுலின் போடுபவரோ திடீரென்று சாதத்தைப் பாதியாகக் குறைத்தாலும், வியாழக்கிழமை விரதம் இருந்தாலும், ரமலான் நோன்பு பிடித்தாலும், மருந்தின் அளவு அப்படியே இருந்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். உணவை மாற்றும்போது மருந்தையும் மாற்ற வேண்டியிருக்கலாம். அதை முடிவு செய்பவர் மருத்துவர்; அவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்வது எங்கள் வேலை. லோ சுகர் வந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் 3 தேக்கரண்டி பொடி, தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நீங்கள் சாப்பிடும் மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்திருந்தால் வீட்டுச் சர்க்கரையை நம்பாதீர்கள். சாதாரணச் சர்க்கரையைக் குடல் உடைப்பதையே அந்த மருந்து தாமதப்படுத்துகிறது. அதனால் குளுக்கோஸ் பொடிப் பாக்கெட் கைப்பையிலேயே இருக்கட்டும்.

மருமகளுக்கு வேறு கணக்கு. தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, ஃபில்டர் காபிக்குக் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி வீணாகும்; எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். விடிகாலை ஐந்தரைக்குக் காபி குடித்தே ஆகவேண்டிய வீட்டில், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதே பாதிச் சிகிச்சை. ரத்தசோகை இருக்கும்போது, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவும் ஏமாற்றக்கூடும்: இரும்புச்சத்துக் குறைவு அதை உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சாதத்தை வெட்டினால், ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பெண் இன்னும் சோர்ந்துபோவார்.

மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், சைவர்களுக்கு இன்னும் சீக்கிரமாக. கால் மதமதப்பை எல்லாம் சுகர் கணக்கிலேயே எழுதிவிடாமல் ஒரு முறை பி12 பார்த்துவிடுங்கள். வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் கீரையை அறவே விட வேண்டியதில்லை. வாரா வாரம் கீரையின் அளவு ஏறி இறங்காமல் இருந்தால், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். நிலையாக இருக்கும்.

கேழ்வரகைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியால் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் மாவுச்சத்து கிட்டத்தட்ட 67 கிராம். 'சுகருக்குக் கேழ்வரகுக் கூழ்' என்று ஒரு பெரிய சொம்பு குடிப்பவர் 70 கிராம் மாவு சேர்த்துக்கொள்கிறார் என்றால், 60 கிராம் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட்டதற்கு நிகரான மாவுச்சத்து போகிறது. அதுவும் நைசாக அரைத்து, குழைய வேகவைத்து, மெல்லாமல் குடிப்பதால் சர்க்கரை சட்டென்று ஏறும். அதே மாவை முருங்கைக்கீரை, வெங்காயம் சேர்த்து அடையாகத் தட்டி, ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ தொட்டுக்கொண்டால் ஏற்றம் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதை, சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்து உங்கள் குளுக்கோமீட்டரில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் அந்த எண் மாறும். அதனால்தான் ஒருவருடைய எண்ணை வைத்து இன்னொருவருக்குத் தட்டு போடக் கூடாது என்கிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கீழ் இயங்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் 17 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தானியங்களிலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்கிறது. நம் தட்டில் காலை இட்லி, மதியம் சாதம், ராத்திரி தோசை எனத் தானியமே மலையாகக் குவிந்திருப்பதைப் பார்த்தால் அது மிகவும் தேவையான அறிவுரை. ஆனால் அது பொதுமக்களுக்கானது. அதிலிருந்து உங்களுக்கான அளவுக்கு வருவதற்குத்தான் முறையாகப் படித்த ஒருவர் வேண்டியிருக்கிறது.

முதல் சந்திப்புக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு பார்ப்போம். நம் உடல்வாகுக்குப் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இடுப்புக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. பிறகு நேற்று எழுந்ததிலிருந்து தூங்கும்வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் கேட்போம், கரண்டியையும் கிண்ணத்தையும் முன்னால் வைத்து. 'கொஞ்சம் சாதம்' என்பது ஒருவருக்கு 100 கிராம், இன்னொருவருக்கு 350. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைத் தனியாகக் கேட்போம். ஓ.எம்.ஆர். பக்கம் நைட் ஷிஃப்ட் பார்ப்பவரின் 'காலை உணவு' மாலை ஆறு மணிக்கு வரும்; அவருக்குக் கடிகாரத்தையே திருப்பி வைத்துத்தான் எழுத வேண்டும்.

உப்பு, எண்ணெய்க்கு நாங்கள் கேட்பது மாதக் கணக்கு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம் உப்பு என்றால் நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இதற்குள் அடங்காது என்பதால் பாக்கெட் இன்னும் நீண்ட நாள் வந்தால்தான் சரி. எண்ணெய் நான்கு பேருக்கு மாதம் இரண்டரை முதல் 3 லிட்டருக்குள். 5 லிட்டர் கேன் ஒரே மாதத்தில் காலியாகிறது என்று தெரிந்துவிட்டால் மேற்கொண்டு நிறையக் கேள்விகள் தேவைப்படாது.

சந்தையில் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்ற பெயர்ப்பலகை மலிந்துவிட்டது. சில வார ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் அதே பெயரைப் போட்டுக்கொள்கிறார். உணவியலில் முதுகலையோ முதுகலைப் பட்டயமோ படித்தவரா, மருத்துவமனையில் பயிற்சி எடுத்தவரா, இந்திய டயட்டெட்டிக் சங்கத்தின் தேர்வெழுதி ஆர்.டி. (பதிவுபெற்ற டயட்டீஷியன்) தகுதி பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் டயட்டீஷியன்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. ரிப்போர்ட் கேட்காமல் 15 நாளில் 10 கிலோ குறைப்பேன் என்பவரிடமும், தானே பவுடர் டப்பா விற்பவரிடமும், மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும் உங்கள் உடம்பை ஒப்படைக்காதீர்கள். கட்டணம் கட்டுப்படியாகாது என்று விட்டுவிடவும் வேண்டாம். பெரிய அரசு மருத்துவமனைகளில் டயட்டீஷியன் இருப்பார், நீங்கள் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

வரும்போது கடைசி மூன்று மாத ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டைகள், நாட்டு மருந்தோ சத்துமாவோ எடுத்தால் அதன் டப்பா, மூன்று நாள் சாப்பாட்டின் போட்டோக்கள் இவற்றைக் கொண்டுவாருங்கள். மூன்றில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். இரண்டு வாரத்தில் மறுசந்திப்பு, பிறகு மாதம் ஒரு முறை. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை பார்த்து அளவுகளைத் திருத்துவோம். வீட்டில் சமைப்பது யாரோ அவரையும் கூடவே அழைத்து வாருங்கள். எண்ணெய்க் கரண்டி அவர் கையில்தான் இருக்கிறது.