சொல் விளக்கம்: உரப்பு

திருகோணமலை டச் பே கடற்கரையில் ஒரு மாலை. தங்கை மகன் கைபேசியை அலைக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒலியைப் பதிவுசெய்து அதன் சத்தம் எவ்வளவு என்று காட்டும் சின்னச் செயலி ஒன்றை அவனே எழுதிக்கொண்டிருந்தான். சட்டென்று திரும்பி, "மாமா, −12 எண்டு காட்டுது. கடல் சத்தம் மைனஸில வருமோ?" என்றான்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. திரையில் எழுதியிருந்த 'சத்தம்' என்ற சொல்தான் அவனை ஏமாற்றியது.

சத்தம், வடமொழிச் சப்தம் பிராகிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த வடிவம். அதற்கு முன்னும் பின்னும் நம்மிடம் ஓசைக்குச் சொற்கள் குறைவில்லை. சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்து முதற்பாட்டிலேயே கழலின் அரவம், சிலம்பின் ஒலி, குரைகடல் என்று மூன்று வந்துவிடுகின்றன. குரைத்தல் அன்றைக்கு நாய்க்கு மட்டும் உரியதல்ல, கடலும் குரைத்தது. ஆனால் இவை எல்லாம் 'என்ன ஒலி' என்பதைச் சொல்கிறவை. 'எவ்வளவு' என்று கேட்டால் மறுபடியும் சத்தத்திடம்தான் போகிறோம்: சத்தம் கேட்குது, சத்தத்தைக் குறை, சத்தம் காணாது. ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. செயலிகளை மொழிபெயர்க்கிறவர்களும் வொலியூம், லெவல், லவுட்னஸ் மூன்றுக்கும் 'ஒலியளவு' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

லவுட்னஸுக்கு, அதாவது ஒலி காதுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதற்கு, தமிழில் உரிய சொல் உரப்பு. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இங்கே பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்தில் ஒலியின் இயல்புகளாகச் சுருதி, உரப்பு, பண்பு என்று படித்தவர்கள்தான் நாம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

இதன் வேர் உர. உரம், உரன், உரவுக்கடல் எல்லாவற்றிலும் இருப்பது வலிமை. உரத்தல் என்றால் வலுத்தல், கெட்டியாதல். அதனால்தான் தடித்த துணியையும் உரப்பான துணி என்பது உண்டு. உரப்புதல் என்ற வினைக்கு அகராதியில் அதட்டுதல், மிரளும்படி சத்தமிடுதல் என்று பொருள். குரல் வலுத்தால் அது உரத்த குரல். தொலைபேசியில் சரியாகக் கேட்காவிட்டால் இந்த ஊரில் இன்றைக்கும் "கொஞ்சம் உரத்துக் கதையுங்கோ" என்றுதான் சொல்கிறோம். பாடநூல் சொல்லும் வாய்ச்சொல்லும் இப்படி ஒரே வேரில் நிற்பது கலைச்சொற்களில் அடிக்கடி கிடைக்கிற வாய்ப்பல்ல.

சரி, அந்த −12 எங்கிருந்து வந்தது? ஆண்ட்ராய்டில் ஒலிப்பதிவு நடக்கும்போது, 'கடைசியாகக் கேட்டதிலிருந்து இதுவரை வந்த உச்ச வீச்சம் (ஒலியலையின் உயரம்) என்ன' என்று செயலி கேட்கலாம். முதல் தடவை கேட்டால் 0 என்றுதான் பதில் வரும், அதைப் பார்த்து மைக் வேலை செய்யவில்லை என்று பயப்படத் தேவையில்லை. அடுத்த தடவையிலிருந்து ஓர் எண் வரும். 16 பிட் பதிவில் அது ஏறக்குறைய 32768 வரை போகலாம். அன்றைக்கு வந்தது 8192க்குக் கிட்ட, அதாவது உச்சத்தின் கால்வாசி. இந்த விகிதத்துக்கு 10ஐ அடியாகக் கொண்ட மடக்கை (log) எடுத்து 20ஆல் பெருக்கினால் −12 டெசிபல். வீச்சம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபல் இறங்கும் என்று நினைவில் வைத்தால் போதும்.

டெசிபலின் பின்பாதியில் இருப்பது மணி அல்ல. 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயர். 1920களில் பெல் ஆய்வுகூடத்தார் தொலைபேசிக் கம்பியில் குரல் எவ்வளவு தேய்கிறது என்று சொல்ல வைத்துக்கொண்ட அலகு இது. பெல் பெரிதாக இருந்ததால் அதில் பத்தில் ஒன்று. ஆள் பெயரை மொழிபெயர்க்க முடியாது, டெசிபல் டெசிபலாகவே இருக்கட்டும்.

அது ஒரு விகிதம் மட்டுமே என்பதுதான் முக்கியம். எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருள் இல்லை. காற்றில் அளக்கும்போது 20 மைக்ரோபாஸ்கல் அழுத்தத்தை 0 என்று வைத்து மேலே எண்ணுகிறார்கள். கைபேசியிலோ பதிவு தாங்கக்கூடிய உச்சம்தான் 0, எண்ணுவது கீழ்நோக்கி. கிணற்று வாயிலிருந்து தண்ணீர் எத்தனை முழம் கீழே கிடக்கிறது என்று சொல்வதைப் போல. இந்த எண்ணுக்கு நான் 'ஒலிமட்டம்' என்று எழுதுவேன், உரப்பு என்று எழுதமாட்டேன்.

அன்றிரவு வீட்டில் மின்விசிறிக்குக் கீழே வைத்து அளந்தால் −14. கடலுக்கும் விசிறிக்கும் 2 டெசிபல்தான் வித்தியாசமா? இது கைபேசியின் கெட்டித்தனம். மெல்லிய ஒலி வந்தால் தானாகவே பெருக்கத்தைக் கூட்டும், பெரிய ஒலி வந்தால் குறைக்கும். பேச்சுக்கு நல்லது, அளவைக்குக் கேடு. ஆண்ட்ராய்டு 7இலிருந்து, ஆதரவுள்ள கைபேசிகளில், பதப்படுத்தாத ஒலியைக் கேட்டு வாங்கலாம். அப்படி வாங்கினாலும், காற்றில் உள்ள உண்மையான அளவு வேண்டுமென்றால் ஓர் ஒலிமட்டமானியைப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தே ஆகவேண்டும்.

உரப்பு இதற்கும் அப்பால், காதில் இருக்கிறது. தாழ்ந்த சுருதியை நம் காது குறைத்தே கேட்கும் என்பதைப் பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். மீன்பிடிப் படகு எஞ்சினின் அடித்தொண்டை உறுமலும் திருவிழா நாதஸ்வரமும் ஒரே ஒலிமட்டத்தில் பதிவாகியிருந்தாலும் நாதஸ்வரம்தான் உரத்துக் கேட்கும். இந்தக் காதுக் கணக்கைச் சேர்த்து உரப்பை அளக்க, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் ஒரு முறையை வெளியிட்டது. முதலில் காதைப் போலத் தாழ்ந்த சுருதியைக் குறைக்கும் ஒரு வடிகட்டி, பிறகு சராசரி. பின்னாளில், ஒலியை 400 மில்லிசெக்கன் துண்டுகளாகப் பார்த்து, பேச்சுக்கு நடுவே வரும் அமைதியைக் கணக்கில் எடுக்காமல் விடும் ஏற்பாடும் சேர்ந்தது. அதன் அலகு எல்யூஎப்எஸ் (LUFS), இதிலும் பதிவின் உச்சத்திலிருந்து கீழ்நோக்கித்தான் எண்ணுவது. ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 2010இல் −23 என்பதை இலக்காக வைத்தது இந்த அலகில்தான். விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடுகிற தொல்லைக்கு மருந்து அது. அலகைத் தமிழில் 'உரப்பலகு' என்று சொல்லிப் பார்த்தேன், வாய்க்கு வசதியாகத்தான் இருக்கிறது.

மருமகன் 'சத்தம்' என்பதை அழித்துவிட்டு 'ஒலிமட்டம்' என்று போட்டுவிட்டான். 'உரப்பு' என்று பக்கத்தில் இன்னொரு பெட்டியும் திறந்து வைத்திருக்கிறான். வடிகட்டி எழுதி முடியாததால் அதில் இப்போதைக்கு ஒரு கோடு மட்டும் தெரிகிறது.