மனந்திரும்புதல், திருமுழுக்கு: சொல் விளக்கம்

மனந்திரும்புதல் என்றதும் பலருக்கும் அழுகையும் குற்ற உணர்வும்தான் நினைவுக்கு வரும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'மெட்டனோயா'. சிந்தை மாறுவது என்று பொருள். இதன் பின்னணியில் இருக்கும் எபிரேய வினை 'ஷூவ்', அதாவது திரும்பி வருதல். தீர்க்கதரிசிகள் மக்களிடம் ஓயாமல் கேட்டது இந்தத் திரும்புதலைத்தான். இரண்டையும் ஒரே சொல்லில் பிடித்துவிட்டது தமிழ். எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்புச் சொற்களில் இது ஒன்று.

வருத்தம் வேறு, மனந்திரும்புதல் வேறு. மத்தேயு 27:3-இல், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் உண்மையாகவே வருந்தி, அதற்காக வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஆனால் அங்கே வரும் வினை 'மெட்டமெலோமாய்'. பழைய தமிழ் வேதாகமம் அதை 'மனஸ்தாபப்பட்டு' என்று கவனமாகப் பிரித்துக் காட்டுகிறது. காசு திரும்பியது, ஆள் திரும்பவில்லை. சீடனான பேதுருவும் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தான், மனங்கசந்து அழுதான். அப்புறம் அவரிடமே வந்து நின்றான். ஆகவே பச்சாத்தாபம், மனவருத்தம் போன்றவை இதற்கு ஈடான சொற்கள் அல்ல. 'மனமாற்றம்' பொருந்தும், ஆனால் யாரிடம் திரும்புகிறோம் என்பது அதில் மங்கிவிடுகிறது.

திருமுழுக்குக்கான கிரேக்கச் சொல் 'பாப்டிஸ்மா'. அதன் வேர்வினைக்கு முக்குதல், அமிழ்த்துதல் என்று பொருள். சிரியப் படைத்தலைவன் நாகமான் யோர்தான் ஆற்றில் ஏழுதரம் முழுகியதைச் சொல்லும் இடத்தில் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு இந்த வினையைத்தான் ஆள்கிறது. தமிழில் நெடுங்காலம் 'ஞானஸ்நானம்' என்றே வழங்கினோம். சீர்திருத்த சபைகளில் இன்றும் அதுதான் வழக்கு. 1995-இல் வந்த 'திருவிவிலியம்' என்ற வேதாகம மொழிபெயர்ப்பு 'திருமுழுக்கு' என்றது.

என் தேர்வு திருமுழுக்குதான். ஸ்நானம் அழுக்குப் போவதைச் சொல்கிறது. சரிதான், ஆனால் பவுல் ரோமர் 6:4-இல் இன்னும் ஆழமாகப் போகிறார்: கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு, புது வாழ்வுக்கு எழும்புகிறோம் என்கிறார். ஒரு உறவை அடியோடு விட்டவர் "அவனைத் தலைமுழுகிவிட்டேன்" என்பார் அல்லவா? பழைய வாழ்வைத் தலைமுழுகுவது என்று வைத்துப் பாருங்கள், மனந்திரும்புதலும் முழுக்கும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பது விளங்கும். அப்போஸ்தலர் 2:38-இல் பேதுரு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.

முழுக்கு என்பதால் அமிழ்த்தினால்தான் செல்லும் என்று எல்லாச் சபைகளும் சொல்வதில்லை. 'திதாகே' என்ற தொன்மையான திருச்சபை நூல், போதிய தண்ணீர் இல்லாவிட்டால் தலையில் மூன்றுமுறை ஊற்றச் சொல்கிறது. குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் சபைகளில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் விசுவாசத்தை அறிக்கையிடுகிறார்கள். வளர்ந்த பின், விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கான திடப்படுத்தலின்போது அந்தப் பிள்ளையே அதைத் தன் வாயால் சொல்கிறது.