நீர்நாய் உங்களுக்காக எழுந்து நிற்கவில்லை

மறுபடியும் ஒரு நீர்நாய்க் குட்டி. ஞாயிற்றுக்கிழமை மதியம், அட்டைப்பெட்டிக்குள் துண்டில் சுற்றி என் மேசைக்கு வந்தது. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். உடம்பு சில்லிட்டிருந்தது, வாயோரத்தில் பசும்பால் காய்ந்து ஒட்டியிருந்தது. கொண்டுவந்தவர்கள் சேலத்துப் பையன்கள், காவிரிக்குப் படம் எடுக்கப் போனவர்கள். “தாய் விட்டுட்டுப் போயிடுச்சு டாக்டர், தனியா கத்திக்கிட்டு இருந்துச்சு” என்றார்கள். வனத்துறைக்குச் சொல்லிவிட்டுக் குட்டிக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் காலையில் எடுத்த படத்தைக் காட்டினான். பாறைமேல் பெரிய நீர்நாய் ஒன்று பின்னங்காலில் நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்க்கிறது. “சூப்பரா போஸ் கொடுத்துச்சு டாக்டர்.”

பால் நுரையீரலுக்குள் போயிருந்தது. குட்டி அன்று இரவைத் தாண்டவில்லை.

அந்த ‘போஸ்’ பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். நீர்நாய் எழுந்து நிற்பது ஆபத்து எங்கே என்று பார்ப்பதற்கு. குட்டைக் கால் விலங்கு. நாலு காலில் நின்றால் நாணலும் பாறையும் மறைத்துவிடும். அதனால் எழும், கழுத்தை நீட்டும், மோப்பம் பிடிக்கும், ‘புஸ்’ என்று மூச்சு விடும். அது மற்றவற்றுக்கு எச்சரிக்கை. தண்ணீரில் ஐந்தாறு தலைகள் ஒன்றாக எழும்பி உங்கள் பக்கம் திரும்பினால் அவை உங்களை ரசிக்கவில்லை. குடும்பமே இரையை விட்டுவிட்டு உங்களைக் கண்காணிக்கிறது. “பயந்திருந்தா ஓடியிருக்குமே?” என்று கேட்பார்கள். பக்கத்தில் வளையில் குட்டி இருக்கும்போது எங்கே ஓடும்? ஓட முடியாமல் நிற்கிறது. அதைத் துணிச்சல் என்றும், மனுசனுக்குப் பழகிவிட்டது என்றும் எடுத்துக்கொண்டு இன்னும் பத்தடி கிட்டே போகிறோம்.

தொந்தரவு தொடர்ந்தால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு வளைக்கு மாற்றும். திரும்பி வரும்வரை அடுத்த குட்டி தனியாகத்தான் கிடக்கும், கத்தும். வீட்டில் குட்டி போட்ட பூனையும் இதைத்தான் செய்கிறது. அதை யாரும் டாக்டரிடம் தூக்கி வருவதில்லை. ஆக, காலையில் எடுத்த படமும் மதியம் தூக்கி வந்த குட்டியும் ஒரே கதை.

காவிரியில் நாம் பார்ப்பது ஆற்று நீர்நாய். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அழிய வாய்ப்புள்ள இனமாக இருக்கிறது. குட்டிகளைப் பிடித்து வளர்ப்புக்கு விற்கும் வியாபாரம் பெருகியதால் 2019-இல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான சைட்ஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு ஏற்றினார்கள். 2022-இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதில் இந்த நீர்நாய்க்கும் பங்கு உண்டு. மேட்டூருக்குக் கீழே நம் பக்கம் ஆற்றுக்கு அப்படி ஒரு சரணாலயம் இல்லை. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்துச் சாக்கடையைச் சுமந்துகொண்டு போய்க் காவிரியில் கலக்கிறது. மணல் அள்ளுவது வேறு. இதற்கு நடுவில்தான் அது மீன் பிடித்துக் குட்டி வளர்க்க வேண்டும்.

இன்னொன்று. நீர்நாய்க்குத் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு கிடையாது. அடர்ந்த ரோமத்துக்குள் தங்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. கரையேறி மணலில் புரண்டு ரோமத்தை உலர்த்தியே ஆக வேண்டும். அந்த மணல்திட்டில்தான் நாம் ட்ரைபாடை ஊன்றுகிறோம். மீன் செதிலும் முள்ளும் கலந்த எச்சம் பாறையில் நாற்றமடித்தால் அது அவை வழக்கமாக வந்துபோகும் இடம். அங்கே மறைந்து உட்காராதீர்கள்.

எதிர்க்கரையில் உட்காருங்கள், விடியலுக்கு முன்பே போய். லென்ஸ் போதவில்லையா, படம் சின்னதாகவே இருக்கட்டும். அது எழுந்து நின்றால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். பரிசல்காரருக்குக் கூடுதலாகக் காசு கொடுத்து “இன்னும் கிட்டக்க போங்கண்ணா” என்று சொல்லாதீர்கள். மீன் போட்டு வரவழைப்பது, ட்ரோன் விடுவது, ஃபிளாஷ் அடிப்பது எதுவும் கூடாது. படத்தைப் போடும்போது எந்த ஊரிலிருந்து எத்தனையாவது வளைவு என்றெல்லாம் எழுதாதீர்கள். நான் இதில் எந்த இடத்தையும் சொல்லாதது அதனால்தான்.

நாயைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் நீர்நாய்க்கும் வரும், அதற்குத் தடுப்பூசி போட ஆள் கிடையாது.

அப்புறம், தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்தால் தயவுசெய்து தொடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. தாய் உங்களைப் பார்க்க முடியாத தூரத்துக்குப் போய்விடுங்கள். நீங்கள் நிற்கும்வரை அது வராது. சாயங்காலம் வரை வரவில்லை என்றாலோ, குட்டிக்குக் காயம் இருந்தாலோ வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பால், தண்ணீர், மீன் எதுவும் ஊட்ட வேண்டாம். அவர்கள் வரும்வரை தெருநாயும் காக்கையும் அண்டாமல் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டால் போதும்.