சுவரை உயர்த்தும் முன் மேன்ஹோலைப் பாருங்கள்

"சார், காம்பவுண்டு சுவரை இன்னும் மூணு அடி உயர்த்தலாம்னு சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. நீங்க பார்த்துட்டு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க."

கடலோரக் குடியிருப்பு ஒன்றின் செயலாளர் சொன்னது இது. போன முறை வெள்ளத்தின்போது தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்று கேட்டேன். "தரைத்தளத்து பாத்ரூம் வழியா" என்றார். அப்புறம் எதற்கு ஐயா சுவர்?

கட்டுமானப் பொறியாளன் என்ற முறையில் நான் அடிக்கடி எரிச்சல்படுவது இந்தச் சுவர் நம்பிக்கையைப் பார்த்துத்தான். வெள்ளம் வாசல் வழியாகத்தான் வரும், அதை மறித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கடலோர நகரில் மழைநீர் வடிகாலின் வாய் கடலிலோ கழிமுகத்திலோ திறக்கிறது. ஓதம், அதாவது கடலின் நீர்மட்டம், ஏறி அந்த வாய் மூழ்கிவிட்டால் மழைநீர் வெளியேற வழியில்லை. கடல்நீரே குழாய்க்குள் திரும்பி வருவதும் உண்டு. துளி மழை இல்லாத பௌர்ணமி நாளில் தெருவில் தண்ணீர் நிற்பது இதனால்தான். பாதாள சாக்கடை நிரம்பினால் அது உங்கள் கழிவறை வழியாக மேலே வரும். குழாய்கள் எல்லாம் சுவருக்கு அடியில் ஓடும்போது மேலே மூன்று அடி ஏற்றி என்ன பயன்? உள்ளே பெய்த மழையும் வெளியேறாமல் தேங்கும்.

இன்னொன்று. தேங்கும் நீரின் உயரம் இரட்டித்தால் சுவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கவிழ்க்கும் திருப்புத்திறன், அதாவது சுவரை அடியிலிருந்து சாய்க்கும் வலு, எட்டு மடங்காகும். சாதாரணக் காம்பவுண்டு சுவர் அதற்காகக் கட்டப்பட்டதல்ல. 2005இல் கத்ரினா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் சில கால்வாய்ச் சுவர்கள் தண்ணீர் விளிம்பைத் தொடும் முன்பே உடைந்தன. நகரத்தில் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. உள்ளே புகுந்த தண்ணீரை இறைத்து வெளியேற்ற வாரக்கணக்கில் ஆனது.

அதே கூட்டத்தில் அடுத்த தீர்மானம், புதிதாக ஒரு ஆழ்துளைக் கிணறு. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "கடல் மட்டம் உயருது, நாம என்ன செய்ய முடியும்" என்று பேசுபவர்கள்தான் நிலத்தடி நீரை உறிஞ்சித் தங்கள் காலடி மண்ணைத் தாழ்த்துகிறார்கள். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தது. வடக்கு ஜகார்த்தாவின் சில பகுதிகளிலோ நிலம் சில பத்தாண்டுகளில் மீட்டர் கணக்கில் இறங்கியிருக்கிறது. டோக்கியோவின் கிழக்குத் தாழ்நிலங்களிலும் சில இடங்கள் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தன. நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்திய பிறகு அங்கே இறக்கம் ஏறக்குறைய நின்றது. ஆனால் இறங்கிய நிலம் பழைய உயரத்துக்கு வரவில்லை, வரவும் வராது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். மெயின் போர்டு, மின்மீட்டர், ஜெனரேட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் எதுவும் பேஸ்மென்ட்டில் இருக்கக் கூடாது. பாதியை மட்டும் மேலே ஏற்றினால் போதாது. 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் இருந்தன. எரிபொருளை மேலேற்றும் பம்ப் பேஸ்மென்ட்டில் மூழ்கியது. ஆட்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

சாக்கடை வெளியேறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள்; அது தண்ணீரை வெளியே மட்டும் விடும், திரும்பி வர விடாது. போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள், ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினாலே மூடாது, மழைக்காலத்துக்கு முன் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். தரைத்தளத்தில் பிளக் பாயின்டுகளைப் பழைய வெள்ளக்கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள். பிளைவுட் அலமாரி வேண்டவே வேண்டாம். முற்றம் முழுவதும் சிமென்ட் பூசாதீர்கள். உங்கள் மனையை மட்டும் மண் கொட்டி உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். அடுத்த வருடம் அவரும் உயர்த்துவார்.

அருகில் தாழ்வான காலியிடம் இருந்தால் அதைத் தூர்க்க விடாதீர்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2013இல் திறக்கப்பட்ட பெந்தம்பிளைன் சதுக்கம் வெயில் நாளில் விளையாட்டுத் திடல், பெருமழையில் நீரைத் தாங்கி நிறுத்தும் தொட்டி. தண்ணீருக்கு நாமே ஓர் இடம் கொடுக்காவிட்டால் அது நம் படுக்கையறையைத் தேர்ந்தெடுக்கும்.

சில இடங்களில் இவை எதுவும் போதாது. அதைச் சொன்னால் என்மேல் கோபப்படுகிறார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவின் ஓக்வுட் பீச்சில் சாண்டிக்குப் பிறகு குடியிருந்தவர்களே ஒன்றுகூடி, எங்கள் வீடுகளை அரசு வாங்கிக்கொள்ளட்டும் என்று கேட்டார்கள். பல வீடுகள் இடிக்கப்பட்டு நிலம் வெறுமையாக விடப்பட்டது. எளிதான முடிவு இல்லை. ஆனால் தெருவே சேர்ந்து பேரம் பேசுவதும், ஒவ்வொருவராக நஷ்டத்துக்கு விற்றுவிட்டு ஓடுவதும் ஒன்றல்ல.

புதிதாக வீடு வாங்குபவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்தத் தெருவில் தரைத்தளத்தில் நெடுநாள் குடியிருக்கும் ஒருவரிடம் தண்ணீர் எதுவரை வந்தது, எந்த வழியாக வந்தது என்று இரண்டையும் கேளுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள்.