தனியே வளர்ந்த குட்டி

அந்தக் குரங்கின் உடம்பில் ஒரு குறையும் இல்லை. எடை சரி, முடி பளபளப்பு, இரத்தப் பரிசோதனையும் சுத்தம். இரண்டரை வயதுப் பெண் குட்டி. தாய் இறந்துகிடந்த இடத்திலிருந்து எடுத்துவந்து, புட்டிப்பால் கொடுத்து, வீட்டுக்குள்ளேயே வளர்த்திருக்கிறார்கள். இப்போது பிள்ளைகளைக் கடிக்கிறது. "எங்களால் முடிந்தவரை வளர்த்துவிட்டோம், டாக்டர். இனிக் காட்டில் விட்டுவிடுங்கள்" என்றார் கொண்டுவந்தவர். கண் கலங்கித்தான் சொன்னார். வனவிலங்கு மறுவாழ்வில் இருக்கும் என்னைப் போன்ற கால்நடை மருத்துவர்களுக்கு எலும்பு முறிவு பெரிய காரியமில்லை. இந்த வேண்டுகோள்தான் பெரிய காரியம்.

ஏன் என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. கம்பி வலைக்கு இந்தப்புறம் அதையும், அந்தப்புறம் ஒரு சிறு கூட்டத்தையும் விட்டிருந்தோம். கூட்டத்தின் மூத்த பெண் வலையருகே வந்து, புருவத்தை உயர்த்தி உற்றுப் பார்த்தது. குரங்குகளிடையே இது மிரட்டல். கூட்டத்தில் வளர்கிற சின்னஞ்சிறு குட்டிக்குக்கூட இதற்குப் பதில் தெரியும்: முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அல்லது உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டிப் பணிய வேண்டும். நம் குட்டியோ நெருங்கிப் போய் அதே கண்ணைத் திரும்ப உற்றுப் பார்த்தது. வீட்டில் எல்லோரும் அதன் கண்ணைப் பார்த்துத்தானே கொஞ்சியிருப்பார்கள்! வலை வழியாக ஒரு கை வந்து மயிரைப் பற்றி இழுத்தது. வலி பொறுக்காமல் அது என்னிடம் ஓடி வந்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டியது.

விலங்குக்கு எல்லாம் பிறவியிலேயே வந்துவிடும் என்று நினைக்கிறோம். சிலந்திக்கு வலை பின்ன யாரும் சொல்லித்தருவதில்லை, உண்மை. கூடி வாழும் விலங்குகளின் கதை வேறு. 1980-களில் சூசன் மினேக்கா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகளைச் சோதித்தார்கள். அவற்றுக்குப் பாம்பு என்றால் பயமே இல்லை. காட்டில் பிறந்த குரங்கு ஒன்று பாம்பைக் கண்டு பதறுவதைச் சிறிது நேரம் பார்த்ததும் பயம் ஒட்டிக்கொண்டது. மாதங்கள் கழித்தும் போகவில்லை. பூவைக் கண்டு பதறுவதுபோல வெட்டி ஒட்டிய வீடியோவைக் காட்டியபோது, பூவின் மேல் பயம் வரவில்லை. சில பாடங்களை வாங்கிக்கொள்ள மூளை முன்பே தயாராக இருக்கிறது. ஆனாலும் அதைக் காட்டித்தர மூத்தது ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

காட்டித்தருவதில் எனக்கு மிகவும் பிடித்த ஆசிரியர்கள், ஆப்பிரிக்காவின் கலஹாரி பகுதியில் வாழும் மீர்கேட்டுகள். கீரியின் உறவுக்காரர்கள். அவற்றின் உணவில் தேளும் உண்டு. மிகச் சிறிய குட்டிகளுக்குப் பெரியவை செத்த தேளைக் கொண்டுவந்து கொடுக்கும். குட்டி சற்று வளர்ந்ததும், கொடுக்கைக் கடித்து எடுத்துவிட்டு உயிருள்ள தேளைக் கொடுக்கும். கடைசியில் கொடுக்கோடு முழுத் தேள். தேள் நழுவி ஓடினால் மூக்கால் தள்ளிக் குட்டியிடமே திரும்பக் கொண்டுவரும். 2006-இல் வெளியான ஆய்வில் ஒரு வேடிக்கை. சின்னக் குட்டிகள் இருக்கும் இடத்தில், வளர்ந்த குட்டிகளின் கெஞ்சல் குரலை ஒலிபெருக்கியில் போட்டார்கள். பெரியவை உயிருள்ள தேள்களைக் கூடுதலாகக் கொண்டுவந்து கொடுத்தன. மாணவனைப் பார்க்காமல் குரலை வைத்தே வகுப்பு மாற்றம்!

இப்படி வலியக் கற்பிக்கும் விலங்குகள் குறைவு. பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் படிப்பு. கல்லால் கொட்டை உடைக்கும் சிம்பன்சித் தாய்கள் குட்டிகளை விரட்டாமல் அருகில் இருக்க விடுகின்றன, உடைத்ததை எடுத்துக்கொள்ளவும் விடுகின்றன. குட்டி கைதேர்வதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அவசரப்படும் பெற்றோரை நான் அங்கே கண்டதில்லை.

படிப்புக்குப் பருவமும் உண்டு. தேனீக்கள் உணவு இருக்கும் திசையையும் தூரத்தையும் கூட்டில் நடனமாடித்தான் மற்றவற்றுக்குச் சொல்கின்றன. மூத்த தேனீக்களின் நடனத்தைப் பார்க்க வாய்ப்பில்லாமல் வளர்ந்த தேனீக்கள் தாறுமாறாக ஆடுவதை 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பழகப் பழகத் திசை ஓரளவு சரியானது. தூரத்தைச் சொல்வதில் இருந்த பிழை ஆயுள் முழுவதும் நீடித்தது.

மூத்தவை இல்லாத கூட்டம் என்ன ஆகும் என்பதற்கு யானைகளைவிடத் தெளிவான சாட்சி இல்லை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் எண்ணிக்கையைக் குறைக்கப் பெரிய யானைகளைச் சுட்டுவிட்டு, அநாதையான கன்றுகளைப் பிலானஸ்பெர்க் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். அவை பெரியவர்கள் இல்லாமலே வளர்ந்தன. ஆண் யானைகளுக்கு வழக்கத்தைவிடப் பல ஆண்டுகள் முன்பே மதம் பிடித்தது. 1992-க்கும் 1997-க்கும் இடையே நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் ஆறு முதிர்ந்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் தணிந்தது, கொலையும் நின்றது. முழுக்க முழுக்கப் படிப்பின் விளைவு என்று இதைச் சொல்ல மாட்டேன்; பெரிய ஆண் அருகில் இருந்தாலே இளையதன் மதம் அடங்கும், அது உடலின் கணக்கு. ஆனாலும் கன்றுகளைக் காப்பாற்றினோம் என்று நினைத்தவர்கள், கன்றுகளுக்குப் பெரியவர்கள் தேவை என்பதை மறந்திருந்தார்கள். தந்தத்துக்காக முதிர்ந்த யானைகளையே குறிவைக்கும் வேட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கூட்டம் நல்லதை மட்டும் கற்பதில்லை. ஜப்பானின் கோஷிமா தீவில் 1953-இல் இமோ என்ற இளம் பெண் குரங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்னத் தொடங்கிய கதை பலருக்கும் தெரியும். விளையாட்டுத் தோழர்கள், தாய், பிறகு அடுத்த தலைமுறை என்று அந்தப் பழக்கம் பரவியது. வளர்ந்த ஆண்களில் பெரும்பாலானவை கடைசிவரை கற்கவே இல்லை. நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. கடற்கரையில் அந்தக் கிழங்கைக் கொண்டுபோய்ப் போட்டவர்கள் மனிதர்கள். சிட்னியில் கொண்டைக் கிளிகள் குப்பைத்தொட்டியின் மூடியைத் திறப்பது 2018-க்கு முன் மூன்று புறநகர்ப் பகுதிகளில் மட்டுமே பதிவாகியிருந்தது. 2019 முடிவதற்குள் 44 பகுதிகள். ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டவை.

ஆகவே, கார் கண்ணாடியை இறக்கி ஒரு குட்டிக்கு பிஸ்கட் நீட்டும்போது மரத்திலிருந்து எத்தனை கண்கள் பார்க்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கார் நின்றால் உணவு வரும் என்ற பாடம் அதோடு கூட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது. சக்கரத்தில் அடிபட்டு என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் அப்படிப்பட்ட சாலையோரங்களிலிருந்துதான் வருகின்றன. பிறகு 'தொல்லை கொடுக்கும்' குரங்கு ஒன்றைப் பிடித்து அகற்றுவார்கள். பாடம் அங்கேயே தங்கியிருக்கும், மற்றவற்றின் தலையில்.

தனித்து நிற்கும் காட்டுவிலங்குக் குட்டியைக் கண்டால் கை வைக்காமல் தள்ளி நின்று பாருங்கள். பல நேரங்களில் தாய் அருகில்தான் இருக்கும், நீங்கள் நகர்வதற்காகக் காத்திருக்கும். இறகு முளைத்துத் தரையில் தத்தும் பறவைக் குஞ்சு அநாதை இல்லை, பறக்கப் பழகுகிறது. காயம் இருந்தாலோ, தாய் இறந்திருந்தாலோ வனத்துறைக்கோ மறுவாழ்வு மையத்துக்கோ அன்றே சொல்லுங்கள். எடுத்த இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். பிழைத்தபின் அதன் சொந்தக் கூட்டத்தைத் தேட எங்களுக்கு இருக்கும் ஒரே துப்பு அதுதான்.

வீட்டு நாய்க்கும் இது பொருந்தும். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை நாய்க்குட்டி பழகக் கற்கும் காலம். அழுத்திக் கடித்தால் உடன்பிறந்தது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அப்படித்தான் பல்லின் பலத்தை அடக்கப் பழகுகிறது. நான்கு வாரத்தில் பிரித்து வாங்கிவந்துவிட்டு, "ஏன் டாக்டர் இப்படிக் கடிக்கிறது?" என்று கேட்கிறார்கள். எட்டு வாரமாவது தாயோடும் மற்றக் குட்டிகளோடும் இருக்கட்டும்.

அந்தப் பெண் குரங்கை, அதைப் போலவே வந்த இரண்டு குட்டிகளோடும், கை ஊனமான முதிய பெண் ஒன்றோடும் சேர்த்து வைத்தோம். பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது முதியது உற்றுப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மற்றவற்றுக்கு மயிர் கோதிவிடுகிறது, தன் முதுகையும் கொடுக்கிறது. சாவிக்கொத்தின் சத்தம் கேட்டால் மட்டும் இன்றும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கதவருகே ஓடி வந்துவிடுகிறது. அதனால் இன்னும் காட்டில் விடவில்லை.